நாற்றுக்கு விளக்கு: அரைச் சாண் கணக்கு

கேள்வி: வேளச்சேரியில் இரண்டாவது மாடி ஃபிளாட்டில் இருக்கிறோம். மொட்டைமாடியில் தொட்டி வைக்க அனுமதி இல்லை. செங்கல்பட்டுப் பக்கம் மாமியார் வீட்டில் தோட்டம் இருப்பதால், நாற்றை மட்டும் இங்கே வளர்த்து அங்கே கொண்டுபோய் நடலாம் என்று தக்காளி, கத்தரி, மிளகாய் விதைத்தேன். வடக்குப் பார்த்த சமையலறை ஜன்னலில் வைத்தேன். எல்லாம் நன்றாக முளைத்தது, பிறகு நூல் மாதிரி நீண்டு சாய்ந்துவிட்டது. ஆன்லைனில் 900 ரூபாய் கொடுத்து ஊதா வெளிச்சம் தரும் கிளிப் விளக்கு வாங்கினேன். பெட்டியில் 45 வாட் என்று போட்டிருந்தது. அதை வைத்தும் அப்படியேதான் இருக்கிறது. நல்ல விளக்கு என்று தேடினால் ஐந்தாயிரம் சொல்கிறார்கள். குறைந்த செலவில் வழி உண்டா? மிளகாய் விதை மட்டும் இன்னும் பாதிப் பாக்கெட் இருக்கிறது.

பதில்: உண்டு. நீங்கள் தேடவேண்டியது செடி விளக்கே இல்லை. தெருமுனை எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் சாதாரண எல்இடி டியூப்லைட் போதும். ஆனால் அதை மாட்டும் உயரம்தான் விஷயம், அதைச் சொல்லிவிட்டு விளக்குக்கு வருகிறேன்.

நம் கண் வெளிச்சத்தை அளப்பதில் படு ஏமாளி. ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். வெளியே உச்சி வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ் இருக்கும். இரவில் டியூப்லைட் போட்ட ஹாலில் இருநூறு லக்ஸ் இருந்தால் பெரிது. ஐந்நூறு மடங்கு வித்தியாசம், ஆனால் கண்ணுக்கு இரண்டும் ‘வெளிச்சமாகத்தான்’ இருக்கிறது. உங்கள் வடக்கு ஜன்னலில், மேலே சன்ஷேடும் எதிரே பக்கத்துக் கட்டடமும் இருந்தால், பகலிலேயே ஆயிரம் லக்ஸ் தேறுவது சந்தேகம். தக்காளி, மிளகாய் நாற்று குட்டையாக, தண்டு தடித்து வர ஏறத்தாழ பத்தாயிரம் லக்ஸ் வேண்டும், அதுவும் நாளுக்கு 14 முதல் 16 மணி நேரம். வெளிச்சம் பற்றாதபோது செடி தன்னை ஏதோ புதருக்கு அடியில் மாட்டிக்கொண்டதாக நினைத்து, இலை விடுவதை நிறுத்திவைத்துவிட்டு, இருக்கிற சத்தையெல்லாம் தண்டை நீட்டுவதில் போடுகிறது. நம் வீடுகளின் சூடும் சேர்ந்தால் இரண்டே நாளில் நூலாகிவிடும்.

சரி, பத்தாயிரம் லக்ஸை எங்கிருந்து கொண்டுவருவது? நான்கடி நீளம், 20 வாட் எல்இடி பேட்டன், அதாவது பட்டையோடு சேர்ந்தே வரும் டியூப்லைட், ஒன்று சுமார் 2000 லூமன் வெளிச்சம் கொடுக்கும். அதை நீங்கள் சுவரில் ஏழடி உயரத்தில் மாட்டுவதால் அந்த வெளிச்சம் அறை முழுக்கச் சிதறிப்போகிறது. அதே விளக்கைச் செடியின் தலைக்கு மேல் அரைச் சாண் உயரத்தில், அதாவது பத்துப் பதினோரு சென்டிமீட்டரில், தொங்கவிட்டால் நேர் கீழே எட்டாயிரம் லக்ஸ் வரை விழும். பக்கத்தில் இன்னொன்றை, நடுவில் அதே அரைச் சாண் விட்டு மாட்டினால் பத்தாயிரத்தைத் தாண்டிவிடும். முழுச் சாணுக்கு உயர்த்தினால் ஒரு விளக்கின் வெளிச்சம் பாதியாகக் குறையும். இது நீளக் குழலுக்கு. குண்டு பல்பு என்றால் தூரம் இரட்டித்ததும் கால்பங்குதான் மிஞ்சும். குண்டு பல்பை விட்டுவிட்டு டியூப்லைட்டைப் பரிந்துரைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். தட்டு முழுக்க வெளிச்சம் ஒரே சீராக விழும் என்பது இன்னொன்று.

இவ்வளவு கிட்டே வைத்தால் கருகிவிடாதா என்று கேட்பீர்கள். விளக்குக்குக் கீழே செடியின் உயரத்தில் புறங்கையை ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள். லேசான இளஞ்சூடுகூடத் தெரியாது. பேட்டனின் சூடெல்லாம் முதுகுப் பக்கம்தான். பழைய குண்டு பல்புக் காலத்துப் பயம் நமக்கு இன்னும் போகவில்லை, அவ்வளவுதான்.

கடையில் கேட்கும்போது இரண்டு விஷயம். பெட்டியில் வாட்டைப் பார்க்காமல் லூமனைப் பாருங்கள். வாட் என்பது அது தின்னும் கரண்ட், லூமன்தான் அது தரும் வெளிச்சம். அப்புறம் 6500 கே, அதாவது ‘கூல் டேலைட்’ என்று போட்ட வெள்ளை விளக்காக வாங்குங்கள். அதில் நீல ஒளி கூடுதல், நீலம் தண்டைக் குட்டையாக வைக்கும். மஞ்சள் வெளிச்ச விளக்கிலும் செடி வளரும், ஆனால் கொஞ்சம் நீளும்.

அப்போது அந்த ஊதா விளக்கு? சிவப்பும் நீலமும்தான் செடிக்கு வேண்டும், மற்ற நிறம் வீண் என்ற பேச்சில் பாதிதான் உண்மை. இலை அந்த இரண்டையும் அதிகம் உறிஞ்சும், ஆனால் பச்சையையும் பயன்படுத்திக்கொள்ளும். வெள்ளை எல்இடி என்பதே ஒரு நீல எல்இடியின் மேல், நீலத்தில் ஒரு பங்கை மற்ற நிறங்களாக மாற்றும் பாஸ்பர் என்ற பொருளைப் பூசியதுதான், அதனால் நீலம், பச்சை, சிவப்பு மூன்றும் அதில் இருக்கின்றன. உங்கள் விளக்கின் கோளாறு நிறத்தில் இல்லை. அது யூஎஸ்பி சார்ஜரில் ஓடுவது என்றால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சாதாரண சார்ஜர் தருவது 5 வோல்ட், 2 ஆம்பியர். பெருக்கினால் 10 வாட். பத்துக்கு மேல் உள்ளே போகவே வழியில்லாதபோது 45 வாட் எங்கிருந்து வரும்? அதோடு கிளிப் கழுத்தை வளைத்து ஒரு முழம் தள்ளி வைத்திருப்பீர்கள். தூக்கி எறிய வேண்டாம். ஒற்றைப் புதினாத் தொட்டியின் தலைமேல் ஒட்டி வைத்தால் அதற்கு ஆகும்.

என் வீட்டில் இருப்பது பழைய இரும்பு ஷூ ரேக். மேல் தட்டின் அடிப்பக்கம் இரண்டு பேட்டனையும் பிளாஸ்டிக் டேகால் இறுக்கிக் கட்டியிருக்கிறேன். விளக்கை ஏற்றி இறக்கச் சங்கிலி, கொக்கி என்றெல்லாம் ஒரு காலத்தில் திண்டாடினேன், இப்போது விளக்கு நகர்வதே இல்லை. குழிக்கு ஒரு நாற்றாக வளர்க்கும் குழித்தட்டுக்கு அடியில் பழைய டைரிகளை அடுக்கிவைத்து, செடி ஒரு விரல் வளர்ந்தால் ஒரு டைரியை உருவிவிடுகிறேன். 98 குழித் தட்டு அரை மீட்டருக்குச் சற்று அதிக நீளம், ஆகவே நான்கடி விளக்கின் கீழ் இரண்டு தட்டு வரிசையாக உட்காரும். ஒரே தட்டு போதும் என்றால் இரண்டடி, 10 வாட் பேட்டன் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். ரேக்கின் மூன்று பக்கமும் வெள்ளை சார்ட் பேப்பர் அல்லது தெர்மாகோல் வையுங்கள், வெளியே தப்பும் வெளிச்சம் திரும்பி வரும். ஓரக் குழிகளுக்கு எப்படியும் கொஞ்சம் குறையும் என்பதால் தட்டை தினமும் ஒருமுறை திருப்பி வைக்கவேண்டும்.

செலவு இப்படி. பேட்டன் இரண்டும் சேர்ந்து 500 ரூபாய் சுமார். ஒயர், பிளக் தனி. டைமர் பிளக் வாங்கினால் இன்னொரு 400 ஆகலாம். காலை ஆறு முதல் இரவு பத்து வரை என்று வைத்துவிட்டு மறந்துவிடலாம். ஆனால் சக்கரம் சுற்றும் வகை டைமர் கரண்ட் போனால் அங்கேயே நின்றுவிடும், வந்ததும் மணியைச் சரிசெய்யவேண்டும். டைமரே வேண்டாம், பால் பாக்கெட் எடுக்கும்போது போட்டுப் படுக்கப் போகும்போது அணைப்பேன் என்றாலும் சரிதான். கரண்ட் பில் பயம் வேண்டாம். 40 வாட், 16 மணி நேரம், நாளுக்கு 0.64 யூனிட். தக்காளி நாற்றுக்கு 25 நாள் என்றால் 16 யூனிட். யூனிட் ஐந்து ரூபாய் என்று வைத்தாலும் 80 ரூபாய். மிளகாய்க்கு 40 நாள் ஆகும், கத்தரி இரண்டுக்கும் நடுவில்.

ராத்திரியும் எரியட்டுமே, சீக்கிரம் வளருமே என்று ஆசைப்படாதீர்கள். தக்காளிக்கு இருட்டு கட்டாயம். 24 மணி நேரமும் வெளிச்சம் பட்டால் இலை வெளுத்துத் திட்டுத் திட்டாகிவிடும்.

விதை முளைக்க வெளிச்சம் தேவையில்லை. ஆனால் முளை வெளியே வரும் நாளைத் தவறவிடக்கூடாது. பெரும்பாலும் நாற்று கெட்டுப்போவது அந்த ஒரு நாளில்தான். தக்காளி ஐந்தாறு நாளில், மிளகாய் பத்து நாள்போல ஆகி, கொக்கி மாதிரி வளைந்த வெளிறிய தண்டு கோகோபீட்டை (தேங்காய் நார்த்தூளை) முட்டிக்கொண்டு எட்டிப் பார்க்கும். ஒன்றே ஒன்று தெரிந்தாலும் மூடியிருக்கும் தாளை எடுத்துவிட்டு விளக்கைப் போடுங்கள். மற்றவையும் முளைக்கட்டும் என்று மறுநாள் வரை காத்திருந்தால் முதலில் வந்தவை நூலாகிவிடும்.

தண்ணீரை மேலே ஊற்றாமல் தட்டுக்கு அடியில் ஊற்றி உறிஞ்சவிடுங்கள். மேல்பரப்பு எப்போதும் ஈரமாக இருந்தால் நாற்றழுகல் வரும், தண்டு மண்ணோடு ஒட்டும் இடத்தில் கறுத்துச் சுருங்கிப் பொத்தென்று விழும். டேபிள் ஃபேனைத் தூரத்தில் மெல்ல ஓடவிட்டால் அதற்கும் நல்லது, தண்டும் ஆடி ஆடித் தடிக்கும். ஈரமும் கரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால், பிளக் பாயிண்ட் தட்டுக்கு மேலே இருக்கட்டும். விளக்கை அணைத்துவிட்டே தண்ணீர் ஊற்றுங்கள்.

செங்கல்பட்டுக்குக் கொண்டுபோகும் முன் ஒரு வாரம் பழக்கவேண்டும். பத்தாயிரம் லக்ஸில் வளர்ந்த இலையை நேராக ஒரு லட்சத்தில் நிறுத்தினால் ஒரே மதியத்தில் காகிதம் மாதிரி வெளுத்துவிடும். உங்களிடம் வெயில் படும் இடம் இல்லாததால் மாமியாரிடம் தட்டோடு கொடுத்துவிடுங்கள். முதல் இரண்டு நாள் மரநிழல், அப்புறம் காலை ஒன்பது மணி வரை மட்டும் வெயில், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் போதும். அவர்களிடம் பாதி வெயிலைத் தடுக்கும் 50 சதவீத நிழல்வலை இருந்தால் இன்னும் சுலபம்.

இப்போது சாய்ந்து கிடப்பவற்றைப் பற்றி. தக்காளியைக் காப்பாற்றலாம். அதன் தண்டில் மண் பட்ட இடமெல்லாம் வேர் விடும், ஆகவே கொஞ்சம் ஆழமான கப்பில் வித்திலை (முளைத்ததும் முதலில் விரியும் இரண்டு இலை) வரை புதைத்து நட்டு விளக்கின் கீழ் வையுங்கள். கத்தரியைச் சற்று ஆழமாக வைத்துப் பார்க்கலாம், பாதி தப்பினால் லாபம். மிளகாய்த் தண்டு அவ்வளவு எளிதில் வேர் விடாது. பாக்கெட்டில் மிச்சம் இருக்கும் விதையை, விளக்கு மாட்டிய பிறகு, புதிதாகப் போட்டுவிடுங்கள்.