முதல் ஆட்டத்தில் மோட் வேண்டுமா? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மாரோவிண்ட் என்ற பழைய கணினி கேமை முதன்முறையாக ஆடத் தொடங்கியிருக்கிறேன். மோட் (கேமை மாற்ற ரசிகர்கள் செய்யும் சேர்க்கை) போடாமல் இன்று அதை ஆடவே முடியாது என்று ஒரு நண்பர் நீண்ட பட்டியல் ஒன்றைத் தந்தார். ஒன்றுகூடப் போடாதே, 2002இல் வந்தபடியே ஆடு என்கிறார் இன்னொருவர். பட்டியலில் பாதியை இன்ஸ்டால் செய்து இரண்டு மணி நேரம் ஆடியும்விட்டேன். கத்தியை எத்தனை முறை வீசினாலும் எதிரி மேல் படவில்லை என்பதால், வீசினால் கட்டாயம் அடி விழும்படி செய்யும் மோட் ஒன்றையும் சேர்த்தேன். இப்போது சண்டையே சப்பென்று இருக்கிறது. எதை வைத்துக்கொள்வது, எதை எடுப்பது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

எந்த மோட் ஆனாலும் போடும் முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். கேமைச் செய்தவர்கள் சரிவரச் செய்யாமல் விட்டதை இது சரிசெய்கிறதா, அவர்கள் தெரிந்தே செய்ததை மாற்றுகிறதா? சரிசெய்வது என்றால் தயங்காமல் போடலாம். மாற்றுவது என்றால் முதல் ஆட்டத்தில் வேண்டாம். எது மாற்றப்பட்டிருக்கிறது என்பது மூலத்தை ஆடியவருக்குத்தான் தெரியும். உங்களுக்கு அது தெரிய வழியே இல்லை.

அடி விழவைக்கும் மோட் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. மாரோவிண்டில் அடி விழும் வாய்ப்பு ஒரு கணக்கு. ஆயுதத் திறன், அத்துடன் அஜிலிட்டியில் (சுறுசுறுப்பு) ஐந்தில் ஒரு பங்கு, லக்கில் (அதிர்ஷ்டம்) பத்தில் ஒரு பங்கு. இந்தக் கூட்டுத்தொகை உங்கள் களைப்பைப் பொறுத்துப் பெருக்கப்படும்: களைப்பைக் காட்டும் பச்சைக் கோடு நிறைந்திருந்தால் 1.25, காலியாகிவிட்டால் 0.75. வருவதிலிருந்து எதிரியின் தப்பிக்கும் திறன் கழியும்.

போர்த் துறையைத் தேர்ந்து, லாங் பிளேடை (நீண்ட வாள்) மேஜர் திறனாக, அதாவது முதன்மைத் திறனாக வைத்த ரெட்கார்ட் இனத்தவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். திறன் 50, அஜிலிட்டி 40, லக் 40. கூட்டினால் 62. பச்சைக் கோடு நிறைந்திருக்கும்போது 77.5 சதவீதம். ஆனால் கேம் தொடங்கும் ஊரான செய்டா நீனின் அலுவலகத்து மேசையில் கிடைக்கும் இரும்புக் கத்தி ஷார்ட் பிளேட் (குறுங்கத்தி) வகை. அதில் இவருக்குத் திறன் வெறும் 10. வாய்ப்பு 27.5 சதவீதமாகிவிடும். அந்தக் கத்தியோடு ஊர் எல்லை வரை ஓடிக் களைத்துப்போய்ச் சண்டையில் இறங்கினால் 16.5 சதவீதம். எதிரியின் பங்கை இன்னும் கழிக்கவே இல்லை. புதிதாக வருபவர்களில் பெரும்பாலோர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். கேம் கெட்டுப்போயிருக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

இதற்கு மோட் தேவையில்லை. மேஜர் திறன் எதுவோ அந்த வகை ஆயுதத்தைக் கையில் எடுங்கள். எதிரியைக் கண்டதும் ஓட்டத்தை நிறுத்தி நடந்து நெருங்குங்கள். திறன் ஏற ஏற வீச்சுகள் படத் தொடங்குவதை உடம்பிலேயே உணர்வது போல உணர்வீர்கள். மாரோவிண்டில் வளர்ச்சி என்பதே அதுதான். எல்லா அடியும் முதல் நிமிடத்திலேயே விழுந்தால் வளர எதுவும் மிச்சமில்லை. உங்கள் சலிப்புக்குக் காரணம் அதுவே.

வரைபடத்தில் அம்புக்குறி காட்டும் மோட்களையும் இதே காரணத்துக்காக எடுத்துவிடுங்கள். இந்த கேமில் ஆட்கள் வாய்மொழியாக வழி சொல்வார்கள். பாலத்தைத் தாண்டு, பலகையைப் பார், இடது பக்கம் திரும்பு என்பது மாதிரி. ஊர்கள் மனதில் பதிவதே அப்படித் தேடிப் போவதால்தான்.

மறுபக்கம், கட்டாயம் வேண்டியவையும் உண்டு. ஓபன்எம்டபிள்யூ என்ற இலவச எஞ்சினைப் (கேமை ஓட்டும் நிரல்) பரிந்துரைக்கிறேன். உங்களிடம் உள்ள அசல் கேமின் கோப்புகளைப் படித்து, பழைய எஞ்சினுக்குப் பதிலாகத் தானே ஓட்டும். இன்றைய திரை அளவுகள் சிக்கலின்றி வரும், கிராஷ்கள் பெருமளவு குறையும். அதன் மேல் பேட்ச் ஃபார் ப்யூரிஸ்ட்ஸ் என்ற பிழைதிருத்த மோட் போதும். குவெஸ்டுகளில் (கேம் தரும் பணிகள்) உள்ள பிழை, எழுத்துப் பிழை, தப்பான இடத்தில் வைக்கப்பட்ட பொருள் ஆகியவற்றைத் திருத்துவதோடு அது நின்றுகொள்ளும்; கேமின் சமநிலையில் கைவைக்காது. புதிய ஆட்டம் தொடங்கும் முன்பே இதைப் போட்டுவிட வேண்டும், ஏனென்றால் பொருள்களின் நிலை சேவ் கோப்பிலும் பதிவாகிறது. ஒரு எச்சரிக்கை: மாரோவிண்ட் கோட் பேட்ச் என்பது பழைய எஞ்சினின் இஎக்ஸ்இ (இயங்கு) கோப்பையே திருத்துவது, அதனால் ஓபன்எம்டபிள்யூவில் அதற்கு வேலை இல்லை. எம்டபிள்யூஎஸ்இ என்ற பழைய எஞ்சினுக்கான துணை நிரல் தேவைப்படும் மோட்களும் இதில் ஓடாது. பழைய எஞ்சினுக்கும் ஓபன்எம்டபிள்யூவுக்குமான பட்டியல்களைக் கலந்து போடுவதால் வரும் குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல.

காட்சி தூரத்தை மட்டும் அளவோடு கூட்டுங்கள். மூடுபனி முழுக்க விலகிவிட்டால் அடுத்த ஊர் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பது தெரிந்து, கேம் நடக்கும் தீவே சுருங்கிவிடும்.

சரிசெய்வதற்கும் மாற்றுவதற்கும் நடுவே ஒன்று இருக்கிறது. ட்ரிப்யூனல் என்ற விரிவாக்கம் (பின்னர் வந்த கூடுதல் பகுதி) இருந்தால், தொடக்கத்திலேயே நீங்கள் தூங்கும்போது டார்க் பிரதர்ஹுட் என்ற கூட்டத்தின் கொலையாளிகள் வந்து தாக்குவார்கள். விரிவாக்கமோ வளர்ந்த கதாபாத்திரத்துக்காக எழுதப்பட்டது. அவர்களைக் கொன்று கவசத்தை விற்றால் கொட்டும் பணத்தில் தொடக்கத்தின் வறுமையே காணாமல் போகும். இந்தத் தாக்குதலைத் தள்ளிப்போடும் சிறிய மோட்கள் கிடைக்கின்றன. விதியை மாற்றுவதுதான் என்றாலும் விரிவாக்கம் இல்லாத முதல் வடிவத்துக்கே திருப்பிக்கொண்டுபோகிறது என்பதால் ஒன்றைப் போடச் சொல்வேன்.

மற்ற பழைய கேம்களுக்கும் அளவுகோல் இதேதான். ஃபாலவுட் நியூ வேகாஸ் (2010) என்றால் கூடுதல் நினைவகத்தைப் பயன்படுத்த விடும் 4ஜிபி பேட்ச், தடுமாற்றத்தைக் குறைக்கும் டிக் ஃபிக்ஸ் (அதற்குத் தேவையான எக்ஸ்என்விஎஸ்இ என்ற துணை நிரலோடு), யுப் என்னும் பிழைதிருத்தத் தொகுப்பு போதும். அதில் முன்பதிவுப் பரிசாக வந்த நான்கு பொருள் தொகுப்புகளை அணைத்துவைப்பது நல்லது. ஆரம்பத்திலேயே மிதமிஞ்சிய ஆயுதங்களைக் கையில் திணித்துவிடும். ஸ்டார் வார்ஸ் கேமான நைட்ஸ் ஆஃப் தி ஓல்ட் ரிபப்ளிக் இரண்டாம் பாகம் அவசரமாக வெளியிடப்பட்டு, கடைசிப் பகுதி வெட்டுப்பட்டது. அங்கே வெட்டிய பகுதிகளை மீட்கும் மோட் முதல் முறையே வேண்டும். ஆனால் ட்ராய்டுகளின் (எந்திர மனிதர்கள்) கிரகத்தைத் தனியாகச் சேர்க்கும் எம்4-78 வேண்டாம். கதையின் வேகத்தை இழுத்துப் பிடிக்கிறது. வாம்பயர் கேமான பிளட்லைன்ஸின் (2004) அதிகாரபூர்வமற்ற பேட்சில் பிழைகளைத் திருத்தும் பேசிக், கூடுதல் மாற்றங்களும் கொண்ட பிளஸ் என்று இரண்டு இருக்கும். முதல் ஆட்டத்துக்கு பேசிக்.

இனி உங்கள் சேவ். விட்டுவிட்டு மறுபடி தொடங்குங்கள். பாதியில் மோட்களை உருவினால், சேவில் பதிந்த ஸ்கிரிப்டும் பொருள்களும் ஆதரவின்றி நிற்கும். பிழை எங்கோ பல மணி நேரம் கழித்துத் தலைகாட்டும். கேம் விற்கும் தளமான ஸ்டீமில் கோப்புகளைச் சரிபார்ப்பது மட்டும் போதாது. மாறியவற்றையும் காணாமல் போனவற்றையும்தான் அது திருத்தும், நீங்கள் புதிதாகச் சேர்த்தவை அப்படியே கிடக்கும். எனவே கேமை அன்இன்ஸ்டால் செய்து, எஞ்சியிருக்கும் மாரோவிண்ட் ஃபோல்டரைக் கையாலேயே அழித்துவிடுங்கள். பிறகு ப்ரோகிராம் ஃபைல்ஸுக்கு வெளியே ஓரிடத்தில் இன்ஸ்டால் செய்யுங்கள். ப்ரோகிராம் ஃபைல்ஸுக்குள் எழுத விண்டோஸ் தடை போடும், கோப்புகள் வேறெங்கோ போய் உட்காரும்.

ஓபன்எம்டபிள்யூவின் விசார்டில் கேமின் டேட்டா ஃபைல்ஸ் ஃபோல்டர் இருக்கும் இடத்தைக் காட்டுங்கள். லாஞ்சரில் வரிசை மாரோவிண்ட், ட்ரிப்யூனல், பிளட்மூன் (இரண்டாம் விரிவாக்கம்), அதன் பின் பேட்ச் என்று இருக்கிறதா பாருங்கள். மோட் ஒவ்வொன்றையும் தனி ஃபோல்டரில் வைத்து லாஞ்சரில் அந்த இடத்தைச் சேர்த்தால், அசல் கோப்புகள் கலையாது. வேண்டாதபோது அந்த ஒரு வரியை நீக்கினால் போதும்.

டாம்ரியல் ரீபில்ட் போன்ற பெரிய மோட்களை முதன்மைக் கதை முடிந்த பிறகு பாருங்கள். அது சேர்க்கும் பெருநிலப்பரப்பு, கேமின் தீவான வார்டன்ஃபெல்லை நன்றாகச் சுற்றியவருக்கே முழுதாகச் சுவைக்கும்.