கிறிஸ்துமஸ் பாடலா, திரைப்பாடலா?

கேள்வி: ராக்செட் இரட்டையரின் 'இட் மஸ்ட் ஹேவ் பீன் லவ்' பாடல் 'ப்ரெட்டி உமன்' திரைப்படத்திற்காகவே எழுதப்பட்டது என்று இத்தனை ஆண்டுகளாக நம்பியிருந்தேன். அது முதலில் ஒரு கிறிஸ்துமஸ் பாடல் என்கிறாள் என் மகள். எது சரி?
– வாசகி, திருச்சி.

பதில்: உங்கள் மகள் சொல்வதே சரி. ஸ்வீடனைச் சேர்ந்த பெர் யெஸ்லே, மரீ ஃப்ரெட்ரிக்சன் என்னும் இருவரே ராக்செட். கிறிஸ்துமஸுக்கு ஒரு பாடல் வேண்டும் என்று அவர்களுடைய இசை நிறுவனத்தின் ஜெர்மன் கிளை கேட்டதற்கிணங்க, யெஸ்லே இதை எழுதினார். 1987 டிசம்பரில் ஸ்வீடனில் தனிப்பாடலாக வெளிவந்து, அந்நாட்டுத் தரவரிசையில் 4-ஆம் இடம் வரை சென்றது. ஆனால், கேட்டு வாங்கிய ஜெர்மன் கிளையோ அதை வெளியிடவே இல்லை. 'உள்ளம் உடைந்தவர்களுக்கான கிறிஸ்துமஸ்' என்ற பொருளில் அப்போது அதற்கு ஒரு துணைத்தலைப்பும் இருந்தது.

பிறகு 1989-இல் 'தி லுக்', 'லிசன் டு யுவர் ஹார்ட்' ஆகிய பாடல்கள் அமெரிக்கத் தரவரிசையில் முதலிடம் பெற்றதால், 'ப்ரெட்டி உமன்' படக்குழுவினர் ராக்செட்டிடம் ஒரு பாடல் கேட்டனர். புதிதாக எழுத நேரமில்லாத நிலையில், யெஸ்லே கைவசம் இருந்த இந்தப் பழைய பாடலைக் கொடுத்தார். கிறிஸ்துமஸைக் குறிக்கும் ஒற்றைச் சொல்லை நீக்கி, அவ்விடத்தில் குளிர்காலத்தைக் குறிக்கும் சொல்லை வைத்து, அந்த வரியை மரீ மீண்டும் பாடினார். தொடக்க இசையும் புதிதாக அமைக்கப்பட்டது. 1990 ஜூனில் பாடல் அமெரிக்கத் தரவரிசையில் இரண்டு வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. படத்தின் கதை வெயில் காயும் லாஸ் ஏஞ்சல்ஸில் நடக்கிறது. இருந்தும் பாடலில் வரும் அந்தக் குளிர்நாள் யாருக்கும் உறுத்தவில்லை.

ஏன் உறுத்தவில்லை என்பதற்கு என் விடை பாடலின் தலைப்பிலேயே இருக்கிறது. 'அது காதலாகத்தான் இருந்திருக்க வேண்டும்' என்று தமிழில் சொல்லிப் பாருங்கள்: தன் காதலைப் பற்றியே ஒருத்தி, அது முடிந்துபோன பின்பு, ஊகமாகத்தான் பேச முடிகிறது. 'இருந்திருக்க வேண்டும்' என்ற வினைமுடிவு நம் மொழியில் எவ்வளவு தயக்கத்தையும் எவ்வளவு உறுதியையும் ஒருங்கே தாங்குகிறதோ, அதே இரண்டும் மரீயின் குரலில் இருக்கின்றன. தொடக்கத்தில் தனக்குள் பேசிக்கொள்பவரைப் போல அடக்கி வாசித்து, பல்லவியில் மட்டும் முழுக்குரலையும் திறக்கும் அவருடைய நிதானத்தை நான் எத்தனை முறை கேட்டாலும் வியக்கிறேன். பண்டிகையோ பருவமோ அந்த வேதனைக்குப் பின்னணி மட்டுமே.

மேடையில் மரீ இதைப் பாடும்போது, முதல் வரிகளை அவையினரே பாடட்டும் என்று விட்டுவிட்டு நின்ற தருணங்களும் உண்டு. 2002-இல் மூளைக்கட்டி கண்டறியப்பட்டு, நெடிய சிகிச்சைக்குப் பின் மீண்டும் மேடையேறிய அவர், 2019 டிசம்பர் 9 அன்று காலமானார்.

1987-இன் பதிவையும் 1990-இன் பதிவையும் உங்கள் மகளுடன் அமர்ந்து அடுத்தடுத்துக் கேளுங்கள். இரண்டாவது முறை பல்லவி வருவதற்குச் சற்று முன்னால் காதைத் தீட்டிக்கொண்டால், மாற்றப்பட்ட அந்தச் சொல் தெளிவாகக் கேட்கும்.