எதுவரைக்கும்?

வாசகர் கடிதம்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

ஸ்தோத்திரம். பனங்காட்டைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து உங்களுக்கு எழுதவேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். எனக்கு நாற்பத்தைந்து வயது. களக்காட்டுப் பக்கம் ஒரு சின்ன ஊர். என் தம்பிக்கு மனநோய். பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம் படிக்கும்போது ஆரம்பித்தது, இப்போது பதினேழு வருஷம் ஆகிவிட்டது. அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். அவன் என் வீட்டில்தான் இருக்கிறான்.

பதினேழு வருஷமாக ஜெபிக்கிறேன் அண்ணாச்சி. வெள்ளிக்கிழமை தவறாமல் உபவாசம். என் நாத்தனார் மகளுக்கு விசா வேண்டும் என்று ஜெபித்தார்கள், மூன்றே வாரத்தில் வந்தது. அவள் கோயிலில் சாட்சி சொன்னபோது எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

போன கோடையில் ஒரு ஜெபவீட்டில், "மாத்திரை கொடுப்பது அவிசுவாசம், நிறுத்தினால்தான் கர்த்தர் கிரியை செய்வார்" என்றார்கள். நிறுத்தினேன். ஆறாவது வாரம் ஒரு ராத்திரி கதவைத் திறந்துகொண்டு போய்விட்டான். இரண்டு நாள் கழித்து வள்ளியூர் பஸ் ஸ்டாண்டில் கண்டுபிடித்தோம். காலெல்லாம் புண். அவர்களிடம் போய்ச் சொன்னதற்கு, "உங்கள் குடும்பத்தில் அறிக்கையிடாத பாவம் ஏதோ இருக்கிறது" என்றார்கள்.

நான் இன்னும் காத்திருக்க வேண்டுமா? கர்த்தர் கேட்கிறாரா? இப்படிக் கேட்பதே பாவமா?

நேற்றுச் சாயங்காலம் அவன் என்னிடம், "அக்கா, நீ சாப்பிட்டியா?" என்று கேட்டான். ரொம்ப நாளைக்கு அப்புறம் கேட்டான். அதனால்தான் இன்றைக்கு எழுதத் தைரியம் வந்தது. பெயர் போட வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை ஒருத்தி

பதில்

அன்புள்ள தங்கச்சிக்கு,

ஸ்தோத்திரம். உங்கள் கடிதத்தை நாலைந்து தடவை படித்துவிட்டேன். தம்பி இப்போது மாத்திரை சாப்பிடுகிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால், இந்தப் பதிலை மிச்சம் படிப்பதற்கு முன்னால் அவரைப் பழைய டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்களாகப் பழைய மாத்திரையை எடுத்துக் கொடுக்க ஆரம்பிக்காதீர்கள், விட்ட இடத்திலிருந்து எப்படித் தொடங்குவது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் பெரிய ஆஸ்பத்திரியிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. ராத்திரியில் திடீரென்று பயமாக இருந்தால் 14416 என்ற எண்ணுக்குப் போன் பண்ணலாம். அரசாங்கத்தின் டெலி மானஸ் சேவை அது, காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். சர்க்கரைக்காரருக்கு மாத்திரை கொடுப்பதை யாராவது அவிசுவாசம் என்று சொல்கிறார்களா? இதுவும் நாள் தவறாமல் மருந்து கேட்கிற வியாதிதான். அந்த மாத்திரையையும் தண்ணீர் டம்ளரையும் நீட்டுகிற உங்கள் கையும் ஜெபத்தில் சேர்ந்ததுதான் என்று நான் நம்புகிறேன்.

ஜெபவீட்டில் சொன்னதைப் படித்தபோது எனக்கு ராமநாதபுரம் பக்கத்து ஏர்வாடி தர்காதான் ஞாபகம் வந்தது. 2001 ஆகஸ்ட் 6 அன்று விடியும் முன்னால் அந்த ஊரில் ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிப் போட்டிருந்ததால் எழுந்து ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள். அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டவர்களும் அன்பில்லாதவர்கள் இல்லை. உங்களைப் போல, என்னைப் போல, எப்படியாவது சாமி கண் திறக்காதா என்று அலைந்த அக்காமாரும் அம்மாமாரும்தான். எந்த மதம் என்பது இதில் விஷயமே இல்லை. வியாதிக்காரனுக்குப் பக்கத்தில் இருக்கவேண்டிய மருந்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பயத்தை வைப்பது எங்கே நடந்தாலும் தப்பு.

அடுத்து, அந்தப் பாவப் பேச்சு. இதைக் கேட்டு எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. பிறவிக் குருடன் ஒருவனைப் பார்த்துச் சீஷர்கள் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள், யார் செய்த பாவம், இவனா, இவனைப் பெற்றவர்களா என்று. இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல என்று இயேசு நேராகவே சொல்லிவிட்டார். யோவான் ஒன்பதாம் அதிகாரம். அவரே முடித்து வைத்த வழக்கை உங்கள் வீட்டு வாசலில் மறுபடி கட்டவிழ்க்க யாருக்கும் உரிமை இல்லை.

கேட்பதே பாவமா என்கிறீர்கள். பதின்மூன்றாம் சங்கீதத்தை இன்றைக்கு ராத்திரி எடுத்து வாசித்துப் பாருங்கள். ஆறே வசனம். அதில் முதல் இரண்டு வசனத்துக்குள் "எதுவரைக்கும்" என்று நாலு தடவை கேட்கிறார் தாவீது. எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர் என்று முகத்துக்கு நேரே கேட்கிறார். அதற்காக அவரை யாரும் கோயிலை விட்டுத் தள்ளவில்லை, அதை வேதப்புத்தகத்தில் சேர்த்து, தலைமுறை தலைமுறையாகப் பாட வைத்தார்கள். எண்பத்தெட்டாம் சங்கீதம் இன்னும் கடினம். அது கடைசி வரிவரைக்கும் இருட்டாகவே இருந்து இருட்டிலேயே முடிகிறது, ஒரு ஸ்தோத்திரம்கூட இல்லை. அதையும் எடுக்காமல் விட்டுவைத்திருக்கிறார்கள். உங்கள் பதினேழு வருஷத்துக்கு அங்கே இடம் இருக்கிறது தங்கச்சி.

எங்கள் வீட்டுக் கதையையும் சொல்ல வேண்டும். இல்லையென்றால் வெளியே நின்று புத்தி சொல்கிறவன் ஆகிவிடுவேன்.

என் அக்காவுக்கு இரண்டு கிட்னியும் பழுதாகிவிட்டது. அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. ஊரே ஜெபித்தது. அம்மா பிடியரிசிப் பானையைக்கூட இரட்டிப்பாக்கினாள், தினம் கோயிலுக்கென்று ஒரு பிடி எடுத்து வைக்கிற இடத்தில் இரண்டு பிடி. இரண்டு வருஷம் கழித்து அக்கா போய்விட்டாள். அதற்குப் பிறகு அம்மா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்கு வந்தாள், ஆனால் பாட்டுப் புத்தகத்தைத் திறக்கவில்லை. மடியில் மூடியே வைத்திருப்பாள். ஏறக்குறைய ஒரு வருஷம் அப்படி. எங்கள் சபை உபதேசியார் சாயங்காலம் வீட்டுக்கு வருவார், திண்ணையில் உட்காருவார். அவித்த பனங்கிழங்கைக் கையில் எடுத்துத் தோலை உரிப்பார், இரண்டாகப் பிளந்து நடுவில் இருக்கிற தும்பை உருவிப் போட்டுவிட்டு அம்மா கையில் கொடுப்பார். அம்மா தின்பாள். ஒரு வசனம் சொல்ல மாட்டார். இருட்டினதும், "வாரேன் தாயி" என்று எழுந்து போவார். வேதத்தில், எல்லாவற்றையும் இழந்து கிடந்த யோபுவின் சிநேகிதர்கள் முதல் ஏழு நாள் அவரோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள், அந்த ஏழு நாள்தான் அவர்கள் உருப்படியாகச் செய்த காரியம் என்று எனக்குத் தோன்றும். வாயைத் திறந்த பிறகு எல்லாம் கெட்டுப்போனது.

அக்காவை ஏன் எடுத்துக்கொண்டார் என்பதற்கு இன்றுவரை எனக்குப் பதில் கிடைக்கவில்லை. கிடைத்ததாக உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன்.

பனங்காட்டைப் பற்றி எழுதியதைச் சொன்னீர்களே, அதில் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. என் தாத்தா பனையேறி. பாளை வந்தவுடன் பதநீர் வந்துவிடும் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். வராது. ஆண்பனைப் பாளையைக் கடிப்பு என்கிற மரக்கிட்டி வைத்து இதமாக இடுக்கி விடவேண்டும், கொஞ்சம் அழுத்தம் கூடினால் பாளை செத்துப்போகும். அப்புறம் நாள்தோறும் ஏறி நுனியை மெல்லிசாகச் சீவி விடவேண்டும். அந்த நாட்களில் ஒரு சொட்டு இருக்காது. தாத்தா இருட்டு விலகும் முன்னால் நெஞ்சுத்தோலைக் கட்டிக்கொண்டு, காலில் தளைநார் மாட்டி ஏறுவார், ஒன்றும் இல்லாமல் இறங்குவார், அடுத்த மரத்துக்குப் போவார். எனக்கு அப்போது ஏழெட்டு வயது. "ஒண்ணும் வராத மரத்துல எதுக்குத் தாத்தா ஏறுதிய?" என்று கேட்டேன். "சீவலேன்னா பாளை அடைஞ்சிரும்லே" என்றார். அவ்வளவுதான். விசுவாசம், பொறுமை என்று பெரிய வார்த்தை எதுவும் அவர் வாயில் வரவில்லை. வெட்டுவாய் காய்ந்து மூடிக்கொள்ளக் கூடாது, அதற்காக இன்றைக்கும் ஏற வேண்டும்.

சில பாளை கடைசிவரைக்கும் சுரக்காது, அதையும் சொல்லிவிட வேண்டும். அந்த வருஷம் அந்த மரத்தை விட்டுவிடுவார், அடுத்த வருஷம் பாளை வந்ததும் மறுபடி ஏறுவார். பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்று சொல்வார்கள் இல்லையா, அந்த மரத்தோடு பிழைத்தவர்கள் அதற்காக விதைக்காமல் இருந்ததில்லை.

நீங்கள் பதினேழு வருஷம் ஜெபித்தேன் என்று எழுதியதை வாசிக்கும்போது நான் பார்த்தது அந்தச் சீவலைத்தான். உங்கள் மனசு தம்பியின் பக்கம் மூடிக்கொள்ளவில்லை. எத்தனை வீட்டில் மூடிவிடுகிறது என்று நீங்களும் பார்த்திருப்பீர்கள், நானும் பார்த்திருக்கிறேன்.

டோனாவூர் உங்களுக்குப் பக்கம்தானே. அங்கே பிள்ளைகளை வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மாவின் நீலக் கண் கதையை ஓய்வுநாள் பள்ளியில் கேட்டிருப்பீர்கள். சின்னப் பிள்ளையாக நீலக் கண் கேட்டு ஜெபித்தது, காலையில் கண்ணாடியைப் பார்த்தால் அதே பழுப்புக் கண், பிற்பாடு அந்தக் கண்ணால்தான் சேலை கட்டிக்கொண்டு இங்கத்திய ஜனங்களோடு கலந்து போக முடிந்தது என்று முடிப்பார்கள். நல்ல கதைதான். ஆனால் அது எனக்குப் போதவில்லை. கதை முடிவதற்குள் காரணம் தெரிந்துவிடுகிறது. அந்த அம்மா 1931 அக்டோபரில் ஒரு குழியில் விழுந்தார்கள். சுகமாக வேண்டும் என்று டோனாவூரில் எத்தனை பேர் ஜெபித்திருப்பார்கள். சுகமாகவில்லை. 1951 ஜனவரியில் இறக்கும்வரைக்கும் ஏறக்குறைய இருபது வருஷம் பெரும்பாலும் அந்த ஒரே அறை, அந்தக் கட்டில். அங்கிருந்தே எழுதினார்கள், பிள்ளைகளுக்குச் சீட்டு எழுதி அனுப்பினார்கள். அந்த இருபது வருஷத்துக்குக் காரணம் சொல்லி முடிக்கிற பிரசங்கத்தை நான் கேட்டதில்லை. எனக்கு நீலக் கண்ணைவிட அந்தக் கட்டில்தான் துணையாக இருக்கிறது.

நாத்தனார் மகள் விசாவுக்குக் கைதட்டிவிட்டு வீட்டில் அழுதீர்களே, அதை அறிக்கையிட வேண்டிய பாவமாக நினைக்காதீர்கள். கைதட்டியதும் நிஜம், அழுததும் நிஜம். எங்கள் கோயில்களில் சாட்சி சொல்லும்போது, கிடைத்தவர்கள் மட்டும் எழுந்து நிற்கிறார்கள். "நான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்று ஒருத்தர் எழுந்து சொல்லிவிட்டு உட்கார்ந்தால் அதுவும் சாட்சிதான் என்று எங்கள் சபை குருவானவர் ஐயரிடம் பல தடவை சொல்லியிருக்கிறேன். நீங்கள் எழுந்து சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. அதற்கு வேறு பலம் வேண்டும்.

கர்த்தர் கேட்கிறாரா என்றால், கேட்கிறார் என்று நம்புகிறேன். அம்மா புத்தகத்தைத் திறக்காத அந்த வருஷத்திலும் கேட்டுக்கொண்டிருந்தார் என்று நம்புகிறேன். கேட்பதும் நாம் கேட்டபடி நடப்பதும் ஒன்றில்லை, அதுதான் நமக்குத் தாங்க முடியாதது. காத்திருக்க வேண்டுமா என்றால், ஆமாம், ஆனால் வெள்ளிக்கிழமை உபவாசத்தைக் கொஞ்ச நாள் விடுங்கள். உங்களுக்கு உடம்பு வேண்டும். அந்த நேரத்துக்குச் சபையில் யாரையாவது தம்பியோடு இரண்டு மணிநேரம் உட்காரச் சொல்லுங்கள், நீங்கள் தூங்குங்கள். உங்களுக்காக வேறு யாராவது உபவாசம் இருக்கட்டும். இந்த மாதம் வெள்ளிக்கிழமைகளில் நான் இருக்கிறேன்.

"அக்கா, நீ சாப்பிட்டியா?" என்று அவர் கேட்டதை உங்கள் ஜெபத்துக்கு வந்த பதில் என்று நான் சொல்ல மாட்டேன், நாளைக்கு அவர் கேட்காமல் போனால் அது உங்களை மறுபடி உடைத்துவிடும். ஆனால் அதை நீங்கள் கவனித்து எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று எழுதவில்லையே. சாப்பிட்டிருந்தீர்களா?

பங்குனியில் ஒரு வேலையாக இடையன்குடி வருகிறேன். அங்கே இருக்கிறது 1847ல் கல் நாட்டி 1880ல் பிரதிஷ்டை பண்ணின கோயில், முப்பத்துமூன்று வருஷம், நடுவில் தாது வருஷப் பஞ்சம் வேறு. நேரம் கிடைத்தால் தம்பியைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். கூட்டம் இருக்காது, நிழல் இருக்கும். அவருக்குக் கூட்டம் ஒத்துக்கொள்ளாது என்றால் நானே உங்கள் ஊருக்கு வருகிறேன். அவருக்கு என்ன பலகாரம் பிடிக்கும் என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணாச்சி