தேங்காயும் அதிர்வு லாரியும்

கேள்வி: எங்கள் ஊரில் போர் போடுவதற்கு முன் ஒருவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு தோட்டம் முழுக்க நடப்பார், தேங்காய் எழுந்து நின்றால் அங்கே நீரோட்டம். ஜெர்மனியில் மியூனிக் நகரத்தில் பூமிக்கடியில் வெந்நீர் தேட, லாரியைத் தெருத் தெருவாக நிறுத்தி நிலத்தை அதிரவைத்தார்களாமே, நிஜமா சார்?
- வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: நிஜம்தான். 2015-16 குளிர்காலத்தில், சுமார் 170 சதுர கிலோமீட்டரில் செய்தார்கள். லாரியின் வயிற்றுக்குக் கீழே ஓர் இரும்புத் தட்டு இருக்கும். அதைச் சாலையில் அழுத்தி, வண்டியின் கனத்தை அதன்மேல் ஏற்றி, சில விநாடிகள் 'உம்ம்ம்' என்று அதிரவிடுவார்கள். அந்த அதிர்வு கீழே இறங்கி, ஒரு பாறை முடிந்து வேறு பாறை தொடங்கும் இடங்களிலெல்லாம் கொஞ்சம் எதிரொலித்து மேலே திரும்பும். மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்குப் போய்வர ஏறக்குறைய இரண்டு விநாடி! நிலத்தில் வரிசையாக ஊன்றிய ஜியோபோன்கள் அதைக் கேட்டுப் பதிந்துகொள்ளும், எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் கோத்தால் நிலத்தடியின் முப்பரிமாணப் படம் கிடைக்கும்.

அதில் அவர்கள் தேடியது மால்ம் என்கிற ஜுராசிக் காலச் சுண்ணாம்புப் பாறையை. தெற்கே ஆல்ப்ஸ் பக்கம் போகப் போக அது ஆழத்தில் சரிகிறது, ஆழம் கூடினால் சூடும் கூடும். ஆனால் பாறை இருந்தால் மட்டும் ஆயிற்றா? நீர் ஓடுவது அதன் வெடிப்புகளிலும் பொந்துகளிலும்தான். அதனால் பாறை பிளந்து ஒரு பக்கம் இறங்கியிருக்கிற இடங்களைப் படத்தில் குறித்துக்கொண்டு, துளையைச் சாய்வாக வளைத்து அங்கே கொண்டுபோகிறார்கள். ஷெஃப்ட்லார்ன் தெருவில் ஒரே வளாகத்திலிருந்து இப்படி ஆறு கிணறுகள். வருகிற வெந்நீரின் சூட்டை வாங்கி வீடுகளுக்கு அனுப்பிவிட்டு, ஆறிய நீரைத் திரும்பவும் பூமிக்குள்ளேயே விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: இவ்வளவு தெளிவாகப் படம் எடுத்தால் ஏமாறவே மாட்டார்களா?
- வாசகி, திருச்சி

பதில்: ஏன் மாட்டார்கள்! மியூனிக்குக்குத் தெற்கே கெரெட்ஸ்ரீட் ஊரில் 2013-ல் போட்ட கிணற்றில் சூடு இருந்தது, வேண்டிய தண்ணீர் இல்லை. நம்மூர் பேச்சில் சொன்னால் புகைதான் வந்தது.

அதே வருடம் சுவிட்சர்லாந்தின் செயின்ட் காலனில் நடந்தது இன்னும் மோசம். முப்பரிமாணப் படம் எடுத்து, நல்ல பிளவாகப் பார்த்து, 4,450 மீட்டர் துளைத்தார்கள். ஜூலையில் கிணற்றுக்குள் எரிவாயு பீறிட்டது. அதை அடக்க நீரையும் கனமான சேற்றுக் கலவையையும் உள்ளே அழுத்தினார்கள், 20-ஆம் தேதி அதிகாலை 3.5 ரிக்டரில் பூமி குலுங்கி ஊரையே எழுப்பிவிட்டது. சரி, அவ்வளவும் பட்டபிறகாவது தண்ணீர்? போதுமான அளவு இல்லை, 2014-ல் திட்டத்தைக் கைவிட்டார்கள். படம் காட்டிய இடத்தில் பிளவு இருக்கத்தான் செய்தது. ஆனால் அதற்குள் இருப்பது நீரா வாயுவா, எவ்வளவு ஓடும் என்பதையெல்லாம் அந்த எதிரொலி உறுதியாகச் சொல்லாது, துளைத்துத்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: அந்த லாரியை எங்கள் தோட்டத்துப் போருக்கும் கொண்டுவரலாமா?
- அதே ஒட்டன்சத்திரம் வாசகர்

பதில்: தோட்டத்தை விற்றால் வாடகைக்குக் கட்டுப்படியாகலாம்! சில நூறு அடிக்கு அது வேண்டியதில்லை. நிலத்தில் நான்கு கம்பிகளை நட்டு, மின்சாரம் பாய்ச்சி, மின்தடையை அளந்து பார்க்கிற ஆய்வு இருக்கிறது, அதைச் செய்யும் நிலவியல் ஆள் ஒருவரைக் கூப்பிடுங்கள். தேங்காயைச் சட்னிக்குக் கொடுத்துவிடுங்கள்.