யாழ்ப்பாணத்து மூலிகைச் சாறு ஆய்வுகூடத்தில் புற்றுநோய்க் கலங்களைக் கொல்கிறதாமே, அப்படியென்றால் குடிக்கலாமா?

கொல்கிறது, ஓம். நானே கொன்றிருக்கிறேன். கம்பஸில் கடைசி வருடம், எங்கள் வேலியோரத்துக் குப்பைமேனி, முடக்கொத்தான் என்று நாலைந்து இலைகளை நிழலில் காயவைத்து, இடித்து, மெதனோல் என்ற மதுசாரத்தில் ஊறவைத்துச் சாறெடுத்தேன். இரவு பஸ்ஸில் கொழும்புக்குக் கொண்டுபோய், அங்கே ஓர் ஆய்வுகூடத்தில் வளர்த்து வைத்திருந்த மார்பகப் புற்றுநோய்க் கலங்களில் விட்டேன்.

96 குழிகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டு. குழிக்குச் சில ஆயிரம் கலங்கள். சாறு விட்டு ஒன்றிரண்டு நாள் கழித்து எம்டிடி என்ற மஞ்சள் பொருளைச் சேர்ப்போம். உயிரோடிருக்கும் கலம் அதை ஊதாவாக்கும், செத்தது ஆக்காது. எவ்வளவு ஊதா என்று கருவி அளக்கும். 1983இல் வந்த முறை. மலிவு என்பதால் இன்றும் அதிகம் செய்வது இதைத்தான்.

இதில் ஒரு கூத்து இருக்கிறது. சில இலைச்சாறுகள் கலமே இல்லாத குழியிலும் மஞ்சளை ஊதாவாக்கிவிடும். அவற்றிலுள்ள ஒட்சியேற்ற எதிர்ப்பொருட்களின் வேலை அது. கலம் செத்துக் கிடக்கும், கருவியோ உயிரோடு இருக்கிறது என்று சொல்லும். வெறும் குழியில் சாறை மட்டும் விட்டுப் பார்க்காததால் என் முதல் தட்டு முழுவதும் வீண்.

பிறகு ஒரு சாறு, மில்லிலீற்றருக்கு 100 மைக்கிரோகிராம் அளவில் பாதிக் கலங்களைக் கொன்றது. சந்தோஷத்தில் அம்மாவுக்குப் போன் எடுத்தேன். மேற்பார்வையாளர் சிரித்தார். இப்படியான கச்சாச் சாறு 20, 30 மைக்கிரோகிராமுக்குள்ளேயே பாதியைக் கொன்றால்தான் ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்களாம். நீங்களே கணக்குப் போடுங்கள்: உடம்பில் ஏறத்தாழ 40 லீற்றர் நீர் என்றால், அந்த 100ஐ எட்ட 4 கிராம் சாறு வேண்டும். அதுவும் குடல் தடுக்காமல், ஈரல் உடைக்காமல் முழுவதும் போய்ச் சேரவேண்டும். அதே அளவில் நல்ல கலமும் செத்தால்? அது வெறும் நஞ்சு. உப்பை அள்ளிப் போட்டாலும்தான் கலம் சாகும். மற்றது, அம்மம்மா கஷாயம் காய்ச்சியது தண்ணீரில், நான் சாறெடுத்தது மெதனோலில். இரண்டிலும் கரைந்து வருவது ஒன்றல்ல.

அதற்காக மூலிகை ஆராய்ச்சியே வீண் என்று சொல்லவரவில்லை. எங்கள் முற்றத்துப் பட்டிப்பூவை எடுங்கள், நித்தியகல்யாணி என்பதும் அதுதான். 1950களில் கனடாவில் அதன் இலையை நீரிழிவுக்கு உதவுமா என்று சோதித்தார்கள். சீனி குறையவில்லை, எலிகளின் வெண்குருதிக் கலங்கள்தான் குறைந்தன. அதிலிருந்து வந்தவைதான் வின்பிளாஸ்டின், வின்கிறிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்துகள். ஆனால் ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்கு ஏறத்தாழ 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். ஊசியில் போவதோ சில மில்லிகிராம். வின்கிறிஸ்டின் கொஞ்சம் கூடினாலும் நரம்பைப் பிடிக்கும். அதைத் தேத்தண்ணி மாதிரி ஊற்றிக் குடிக்கிற அளவுக்குத் துணிச்சல் எனக்கில்லை.

என் மாமிக்கு நிணநீர்ப் புற்றுநோய். ஏறிய மருந்துகளில் ஒன்று இதே வின்கிறிஸ்டின். ஒருநாள் கேட்டா: "தம்பி, நீ உந்த இலையெல்லாம் சோதிச்சனியெல்லே, நான் எதைக் குடிக்க?" கேட்கும்போதே அடுப்பில் முள்ளு அன்னமுன்னா இலை கொதித்துக்கொண்டிருந்தது. யாரோ வட்ஸ்அப்பில் அனுப்பினதாம். அந்த இலையும் தட்டில் கலத்தைக் கொல்லும், உண்மைதான். ஆனால் அதிலுள்ள அனோனாசின் என்ற பொருள் நரம்புக் கலத்தையும் கொல்லும். கரீபியனில் குவாதலூப் தீவில் அந்தப் பழத்தையும் இலைத் தேத்தண்ணியையும் வழக்கமாக எடுத்தவர்களிடையே பார்க்கின்சன் போன்ற ஒரு நோய் கூடுதலாக இருந்தது என்று 1999இல் எழுதினார்கள். ஏற்கெனவே வின்கிறிஸ்டினால் விரல் விறைத்துப்போயிருந்த மனுசி அவ.

நான் சொன்னால் கேட்கமாட்டா என்று தெரியும். அதனால் அடுத்த கிளினிக்குக்கு நானும் கூடப் போய், இலைத் தண்ணி விஷயத்தை டொக்டரிடம் அவவையே சொல்லவைத்தேன். ஊசி முடியும்வரை எந்தக் கஷாயமும் வேண்டாம் என்றார். வரும் வழி முழுக்க மாமி என்னோடு கதைக்கவில்லை.