அப்பா இல்லாத வீட்டில் டெக்ஸ்டர்

கேள்வி: எனக்கு வயது 47. பல வருடங்களுக்கு முன் நானும் என் கணவரும் மகனைத் தூங்கவைத்துவிட்டு ராத்திரியில் ‘டெக்ஸ்டர்’ சீரியல் பார்ப்போம். டைட்டில் காட்சியைப் பார்த்துவிட்டு அவர் ஒரு வாரம் முட்டையே வேண்டாம் என்றார். 2013-ல் கதையை முடித்த விதத்தில் இரண்டு பேருக்குமே மனசு விட்டுப்போனது. மூன்று வருடங்களுக்கு முன் அவர் இறந்துவிட்டார். டெக்ஸ்டர் திரும்ப வந்திருக்கிறதாம். 19 வயது மகன், “நீயும் அப்பாவும் பார்த்ததுதானே, சேர்ந்து பார்க்கலாம்மா” என்கிறான். ஒரு கொலைகாரன் கதையை மகனோடு பார்க்கலாமா? அந்த டெக்ஸ்டரை எனக்குப் பிடித்திருந்ததே தப்போ என்றும் தோன்றுகிறது.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

மகன் கூப்பிடுகிறான், போய் உட்காருங்கள். அந்த வயதுப் பையன் அம்மாவைப் பக்கத்தில் உட்காரச் சொல்வது அடிக்கடி நடக்கிற விஷயம் இல்லை. ஆனால் எந்த வரிசையில் பார்ப்பது என்பதில் கவனம் வேண்டும். அதை விளக்க, கதையின் முடிவை நான் உடைத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் வீட்டு நிலைமையில் அது முன்பே தெரிந்திருப்பதுதான் நல்லது.

முதலில் உங்கள் உறுத்தலைப் பற்றிப் பேசிவிடுவோம். டெக்ஸ்டர் நமக்குப் பிடிக்கும்படியாகத்தான் அந்தச் சீரியலைக் கட்டியிருக்கிறார்கள். கதை முழுக்க அவன் குரல் நம் காதில் பேசுகிறது. மற்ற யாருக்கும் தெரியாத ரகசியத்தை நம்மிடம் மட்டும் சொல்கிறான். அவன் கையில் சாகிறவர்கள் அநேகமாக அவனைவிடக் கொடியவர்கள். மைக்கேல் சி. ஹாலின் நடிப்பில் கொஞ்சம் வெகுளித்தனமும் சேர்ந்துகொள்கிறது. இத்தனையும் கூடினால் யாருக்கும் மனம் இளகும். என்னை உறுத்தியது வேறு ஒன்று. சார்ஜன்ட் டோக்ஸை நினைவிருக்கிறதா? டெக்ஸ்டரிடம் ஏதோ சரியில்லை என்று முதலிலேயே மோப்பம் பிடித்த மனிதர். இரண்டாவது சீசனில் அவர் செத்தபோது, டெக்ஸ்டர் தப்பித்தான் என்று நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். செத்தவர் கடமையைச் செய்த ஒரு போலீஸ்காரர். அந்த நிம்மதி எனக்குள் எப்படி வந்தது என்று பல நாள் யோசித்திருக்கிறேன். அதைக் கேட்டுக்கொள்கிற வரைக்கும் டெக்ஸ்டரைப் பிடித்துப்போனதில் தப்பில்லை.

இப்போது மகன் விஷயம். மேலோட்டமாகப் பார்த்தால் மயாமி போலீஸில் ரத்தத் தடயங்களை ஆராய்கிற ஒருவன் செய்யும் கொலைகள்தான் கதை. எனக்கு அது அப்பா பிள்ளை கதை. மூன்று வயதில் தாயின் ரத்தத்தில் உட்கார்ந்திருந்த குழந்தையை ஹாரி என்ற போலீஸ்காரர் எடுத்து வளர்க்கிறார். பையனுக்குள் இருக்கும் கொலை வெறியைக் கண்டுபிடித்ததும் வைத்தியம் பார்க்காமல், யாரைக் கொல்லலாம், மாட்டிக்கொள்ளாமல் எப்படிக் கொல்வது என்று விதிமுறை சொல்லிக்கொடுக்கிறார். பிறகு, தான் கற்றுக்கொடுத்ததை மகன் செய்துகொண்டிருப்பதை ஒருநாள் நேரில் பார்க்கிறார். தாங்க முடியாமல் உயிரை மாய்த்துக்கொள்கிறார். அப்படிச் செத்தவர் மகனின் மனதுக்குள் வந்து பேசிக்கொண்டே இருக்கிறார்.

நான்காவது சீசனின் கடைசிக் காட்சியில் டெக்ஸ்டரின் குழந்தை ஹாரிசன், தன் தாயின் ரத்தத்தில் உட்கார்ந்து அழுகிறான். ஜான் லித்கோ வில்லனாக வந்த அந்த சீசன்தான் என்னைப் பொறுத்தவரை உச்சம். அதுவரை தலைமைப் பொறுப்பில் இருந்த கிளைட் ஃபிலிப்ஸ் அதோடு விலகினார். எட்டாவது சீசனின் முடிவில் தங்கை டெப்ராவைக் கடலில் விட்டுவிட்டு டெக்ஸ்டர் மரம் வெட்டப் போனானே, அது அவர் கைவேலை இல்லை. 2021 நவம்பரில் ‘நியூ பிளட்’ என்று பத்து எபிசோடுகளோடு அவரே திரும்பி வந்தார்.

நீங்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டியது அந்தத் தொடரில்தான். நியூயார்க் மாநிலத்தின் பனி விழும் சிற்றூரில் வேறு பெயரில் ஒளிந்து வாழும் டெக்ஸ்டரைத் தேடி, வளர்ந்த ஹாரிசன் வருகிறான். கடைசியில் டெக்ஸ்டர், லோகன் என்ற நல்ல போலீஸ்காரரைக் கொன்றுவிட்டுத் தப்பிக்கப் பார்க்கிறான். அதை அறிந்த மகன் அப்பாவைத் துப்பாக்கியால் சுடுகிறான். அப்பாவை இழந்த பிள்ளைக்கு இது எந்த இடத்தில் போய்த் தைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. எனவே பத்தாவது எபிசோடுக்கு முன்னால் அவனிடம் சொல்லிவிடுங்கள். ஒருவேளை அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கலாம். அப்படியானால் அவனாகவே ஏதாவது பேசுவான், கேட்டுக்கொள்ளுங்கள். அன்றைக்கு வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

2025 ஜூலையில் வந்த ‘ரிசரக்ஷன்’, அந்தக் குண்டுக்குப் பிறகு தொடங்குகிறது. பத்து வாரம் நினைவில்லாமல் கிடந்த டெக்ஸ்டர் கண் விழிக்கிறான். இந்த முறை தேடிப் போவது அப்பா. நியூயார்க் நகரத்து ஹோட்டல் ஒன்றில் மகன் வேலை பார்க்கிறான். ‘நியூ பிளட்’டில் டெக்ஸ்டரின் மனதுக்குள் பேசியவள் இறந்துபோன டெப்ரா. இதில் ஹாரி மறுபடியும் வருகிறார். செத்த டெக்ஸ்டரைத் திரும்ப எழுப்பியது காசுக்காக என்று கோபப்பட்டவர்கள் உண்டு. எனக்கும் அந்தக் கோபம் இருந்தது. ஆனால் மகன் வேலை செய்கிற இடத்துக்குப் போய், கிட்டே நெருங்கத் தைரியமில்லாமல் தூரத்தில் நின்று பார்க்கிற அப்பாவைப் பார்த்தபோது அது கரைந்துவிட்டது.

அதனால் 96 எபிசோடுகளையும் மறுபடி பார்க்கத் தேவையில்லை. முதல் சீசன், நான்காவது சீசன், அப்புறம் ‘நியூ பிளட்’, அப்புறம் ‘ரிசரக்ஷன்’. போதும். டெக்ஸ்டரின் இளமைக்கால மயாமியைக் காட்டும் ‘ஒரிஜினல் சின்’ ஒரே சீசனோடு நின்றுபோனது. அதை விட்டாலும் நஷ்டமில்லை.

முதல் சீசனை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள். அந்த டைட்டில் காட்சி அதில்தான் தொடங்குகிறது. கொசுவை அடிக்கும் கை, சவரம், வாணலியில் முட்டை, பிழியப்படும் சிவப்பு ஆரஞ்சு, இறுக்கிக் கட்டும் ஷூ லேஸ். உங்கள் கணவர் ஒரு வாரம் முட்டை சாப்பிடாமல் இருந்த கதையை மகனிடம் சொல்லியிருக்கிறீர்களா? வாணலி திரையில் வரும்போது சொல்லுங்கள்.