கேவிங் கிளப் சந்திப்பில் என்ன போட்டி வைக்கலாம்?

கேள்வி: இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் வேலை பார்க்கிறேன். இங்குள்ள ஒரு கேவிங் (குகைகளுக்குள் இறங்கிப் பார்ப்பது) கிளப்பில் இரண்டு வருடமாக உறுப்பினர். ஆண்டுச் சந்திப்பில் சனிக்கிழமை பிற்பகல் நட்புப் போட்டிகள் நடத்தும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. நாற்பது பேர் வருவார்கள். ஒரு ஊர் மண்டபமும் அதையொட்டிப் புல்வெளியும் இருக்கின்றன. என்ன வைக்கலாம், எதில் கவனம் வேண்டும்?

பதில்: குகைக்குள் கையும் உடம்பும் எதைச் செய்கின்றனவோ, அதையே போட்டியாக்குங்கள். ஒரு பிற்பகலுக்கு நான்கு போட்டிகள் போதும்.

முதலில் இடுக்குப் பெட்டி. இரண்டு பிளைவுட் பலகைகள், இரு பக்கமும் சுவர். மேல் பலகையை மட்டும் ஏற்றி இறக்கும்படி மூலைகளில் துளையும் போல்ட்டும். முப்பது சென்டிமீட்டரில் தொடங்கி, எல்லோரும் ஊர்ந்து வெளியே வந்ததும் இரண்டு சென்டிமீட்டர் இறக்குங்கள். கடைசிச் சுற்றுகளில் ஒவ்வொரு சென்டிமீட்டராக. இதில் பலத்துக்கு வேலையே இல்லை. நேற்று சேர்ந்தவர் இருபது வருட அனுபவசாலியை ஜெயித்துவிடலாம் என்பதால் மண்டபமே பெட்டியைச் சுற்றி நிற்கும்.

பயந்தால் மூச்சை இழுப்போம், நெஞ்சு விரியும், இன்னும் இறுகும். நான் பார்த்த ஒரு போட்டியில், மெல்லிய உடம்புக்காரர் ஒருவர் பாதியில் சிக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். அவருக்கு அடுத்து வந்த பெண் ஒரு கையை முன்னால் நீட்டி, மறு கையை இடுப்போடு சேர்த்து, கன்னத்தைப் பலகையில் ஒட்டிப் படுத்தார். மூச்சை விடுவார், கால் விரலால் உந்துவார், ஒரு விரற்கடை நகர்வார். நிறுத்தி, சின்னதாக மூச்சு வாங்குவார். அப்புறம் மறுபடியும். புதியவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிக்கொடுங்கள். பெல்ட், பக்கிள் எல்லாம் கழற்றிவிட வேண்டும். தலைப்பக்கம் ஒருவர் தரையில் படுத்துப் பேசிக்கொண்டே இருக்கட்டும். "போதும்" என்ற சொல் வந்த நொடியில் பலகை மேலே போக வேண்டும். "இன்னும் கொஞ்சம்தான், முயன்று பார்" என்று யாரும் ஊக்கப்படுத்தக் கூடாது.

அடுத்தது கயிறேற்றம். மண்டபத்தின் கூரை தாழ்வாக இருக்கிறதே என்று யோசிக்க வேண்டாம். கயிற்றை மேலே ஒரு கப்பி வழியாக விட்டு, மறுமுனையைக் கீழே நங்கூரமிட்ட டிசெண்டரில் (கயிற்றைப் பிடித்துப் பிடித்து விடும் கருவி) மாட்டுங்கள். ஏறுபவர் ஏற ஏற, கீழே இருப்பவர் கயிற்றை விட்டுக்கொண்டே இருப்பார். ஏறுபவர் முப்பது மீட்டர் ஏறினாலும் தரையிலிருந்து ஓரிரு மீட்டர் உயரத்திலேயே இருப்பார். அமெரிக்காவின் தேசிய குகையியல் சங்க மாநாட்டில் 30 மீட்டர், 120 மீட்டர் போட்டிகளை இப்படித்தான் நடத்துகிறார்கள். எனக்கு இந்த முறை பிடிக்கக் காரணம் வேறு: ஒருவர் களைத்து ஹார்னெஸில் (உடம்பைத் தாங்கும் வார்) அசையாமல் தொங்கினால் நினைவு தப்பக்கூடும், உயிருக்கே ஆபத்து. இதில் அவரை உடனே இறக்கிவிடலாம். உத்தரம் தாங்குமா என்று கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கட்டடம் தெரிந்தவரிடம் கேளுங்கள். புதியவர்களுக்குப் பத்து மீட்டர் போதும்.

முடிச்சுப் போட்டியில் வேகத்துக்கு மட்டும் பரிசு கொடுத்தால் கெட்ட பழக்கத்துக்குப் பரிசு கொடுத்த மாதிரி. ஈரக் கையுறையோடு எட்டு வடிவ முடிச்சும் பட்டாம்பூச்சி முடிச்சும் போடச் சொல்லுங்கள். இழைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் ஐந்து நொடி அபராதம். பத்து மில்லிமீட்டர் கயிற்றில் வால் (முடிச்சுக்கு வெளியே மிஞ்சும் நுனி) பத்து சென்டிமீட்டருக்குக் குறைந்தால் இன்னொரு ஐந்து. முடிச்சே தப்பு என்றால் எவ்வளவு வேகமாகப் போட்டாலும் பூஜ்யம்தான்.

என் மனசுக்கு நெருக்கமானது அளவைப் போட்டி, குகைக்கு வரைபடம் போட அளப்பது போல. மண்டபத்தையும் புல்வெளியையும் சுற்றி எட்டுப் புள்ளிகள் குறித்து, டேப், திசைகாட்டி, சாய்வுமானி கொடுத்து, இரண்டு பேர் அணிகளாக அளந்து கிளம்பிய இடத்துக்கே வரச் சொல்லுங்கள். காகிதத்தில் வரைந்தால் தொடக்கமும் முடிவும் ஒட்டாது. அந்த இடைவெளியை மொத்த நீளத்தால் வகுத்தால் சதவீதம் வரும், குறைந்தவர் வென்றார். பிரிட்டனில் ஐந்தாம் தர அளவை என்றால் கோணம் ஒரு டிகிரிக்குள்ளும் புள்ளியின் இடம் பத்து சென்டிமீட்டருக்குள்ளும் சரியாக இருக்க வேண்டும், தூரத்தைச் சென்டிமீட்டர் வரை குறிக்க வேண்டும். எங்கள் கிளப்பில் ஒரு அணிக்குக் கோணமெல்லாம் கோணல் மாணலாக வந்தது. ஹெல்மெட் விளக்கின் பேட்டரி திசைகாட்டிக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. விளக்கைக் கழற்றி அதே இடத்தில் மறுபடி பார்த்தார்கள், முள் சட்டென்று திரும்பியது. அதற்கப்புறம் அவர்கள் விளக்கோடு திசைகாட்டி பார்த்ததே இல்லை.

அணிகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்துவிடுங்கள், ஒரு பழையவருக்கு ஒரு புதியவர் என்று. பீர் எல்லாம் கயிற்றையும் பெட்டியையும் கட்டி வைத்த பிறகுதான், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். தரையைத் தொடாமல் மேசைமேலிருந்து அதன் அடியில் புகுந்து மறுபக்கம் ஏறி வரும் விளையாட்டை வேண்டுமானால் ராத்திரிக்கு வைத்துக்கொள்ளலாம், கீழே மெத்தை போட்டு. பரிசுக்கு நல்ல கையுறை ஒரு ஜோடி, ஒரு கேக், அது போதும்.

வெள்ளிக்கிழமை மாலையே பெட்டியைப் பொருத்திவிடுங்கள். கிளப்பிலேயே பெரிய உடம்புக்காரரை ஒரு முறை உள்ளே அனுப்பி, மேல் பலகையைத் தூக்க எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். ஐந்து நொடிக்கு மேல் போனால் போல்ட்டை எடுத்துவிட்டு, இழுத்தால் கழன்றுவரும் ஆணி போடுங்கள்.